வானொலிப் பெட்டியைச் சுமந்தவர்கள்

பசிபிக் பெருங்கடலின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் வடகிழக்குப் பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள். நியூகினித் தீவுக்குக் கிழக்கே, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, இரட்டை வரிசையில் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம் ஒன்று தென்படும். அதுவே சாலமன் தீவுகள் என்னும் நாடு. அதில் பெரிய தீவுகள் ஆறு. சிறியவற்றையும் கூட்டினால் ஆயிரத்தை நெருங்கும். அங்கே வழங்கும் மொழிகள் ஏறத்தாழ எழுபது. 1978-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் அந்நாடு ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது.

இந்தச் சிறிய நாட்டின் மண்ணிலும், அதைச் சூழ்ந்த நீரிலும், 1942 ஆகஸ்டு முதல் 1943 பிப்ரவரி வரை ஆறு திங்கள் நடந்த பெரும் போரைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரின் பசிபிக் பகுதியில் ஜப்பானின் முன்னேற்றத்தைத் தடுத்து நிறுத்திய போர்களுள் இது ஒன்று. இதனை எழுதியவர் பலர். தளபதிகளின் திட்டங்களையும், மூழ்கிய கப்பல்களின் பெயர்களையும், மாண்ட வீரர்களின் தொகையையும் அவர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அந்நூல்களைப் படிக்குந்தோறும் என் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. போரிட்ட இரு தரப்பாரும் வெளியூரார். ஒருவர் வடக்கேயிருந்து வந்தவர். மற்றவர் கிழக்கேயிருந்து வந்தவர். அப்படியானால், அந்த மண்ணுக்கு உரியவர் அப்போது எங்கே இருந்தார்? என்ன செய்துகொண்டிருந்தார்?

இக்கேள்விக்கு விடை தேடுமுன் அந்நாட்டில் வழங்கும் பெயர்களைச் சற்றுக் கவனிப்போம். 1568-இல் ஸ்பெயின் நாட்டுக் கடலோடி மெண்டானா என்பவர் அங்கே வந்தார். விவிலியத்தில் புகழப்படும் சாலமன் மன்னனுடைய பொன் விளைந்த நாடு இதுவாக இருக்கலாம் என்ற ஆசை அக்காலத்தவருக்கு இருந்தது. அந்த ஆசையே தீவுகளின் பெயராகிவிட்டது. அவருடன் வந்த ஒருவர், ஸ்பெயினிலுள்ள தம் ஊரின் பெயரைப் பெருந்தீவு ஒன்றுக்கு இட்டார். அந்தப் பெயர்தான் குவாடல்கனால். இசட்டபு என்று அத்தீவுக்கு உள்ளூரார் வழங்கும் பெயர் ஒன்று உண்டென்பது உலகப் படங்களைப் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. போர்க்காலத்தில் அங்கே எழுந்த விமானத் தளத்துக்கு ஹெண்டர்சன் தளம் என்று பெயர் வைத்தார்கள். ஹெண்டர்சன் என்ற அமெரிக்க விமானி 1942 ஜூனில் மிட்வே போரில் உயிர் நீத்தவர். குவாடல்கனால் மண்ணை அவர் மிதித்ததே இல்லை. அத்தளத்துக்குக் கிழக்கேயுள்ள ஓர் ஓடையை அமெரிக்க வீரர்கள் ‘அலிகேட்டர் ஓடை’ என்றார்கள். அந்த ஓடையில் வாழ்ந்தவையோ வேறு இன முதலைகள். அலிகேட்டர் என்ற இனம் அத்தீவில் கிடையவே கிடையாது. மண்ணை அறியாதவர் இட்ட பெயர்கள் இவை. மண்ணை அறிந்தவரைக் காண நாம் வேறு வழியில் செல்லவேண்டும்.

1893-இல் ஆங்கிலேயர் இத்தீவுகளைத் தம் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவந்தனர். வெள்ளையர் தென்னந் தோட்டங்கள் வைத்துக் கொப்பரை ஏற்றுமதி செய்தனர். அத்தோட்டங்களில் உழைத்தவர்களில் மலைட்டா என்னும் தீவின் இளைஞர் மிகப் பலர். துலாகி என்ற சிறு தீவே தலைநகராய் இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. 1942 ஜனவரியில் வடமேற்கே இருந்த ரபோல் துறைமுகம் அதன் கைக்குப் போயிற்று. உடனே சாலமன் தீவுகளில் இருந்த வெள்ளையருள் பெரும்பாலோர் கப்பலேறினர். தோட்ட முதலாளிகள் போய்விட்டார்கள். தொழிலாளரோ தத்தம் ஊருக்குத் திரும்ப வழியின்றி நின்றார்கள். அரசு என்ற ஒன்று காக்கும் என்று இதுகாறும் கேட்டுப் பழகிய மக்கள், ஆபத்து வந்தபோது அது எங்கே போயிற்று என்பதைத் தம் கண்ணாலேயே கண்டார்கள்.

1942 மே 3-ஆம் நாள் ஜப்பானியர் துலாகியைக் கைப்பற்றினர். ஜூலைத் தொடக்கத்தில், எதிரே உள்ள குவாடல்கனாலின் வடகரையில், சமவெளி ஒன்றைத் திருத்தி விமானத் தளம் அமைக்கத் தொடங்கினர். அத்தளம் முடிந்தால், அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடும் கப்பல்களுக்கு அங்கிருந்து பறக்கும் விமானங்களால் பேராபத்து நேரும். இந்தச் செய்தி வெளியுலகுக்கு எவ்வாறு எட்டியது? வானத்திலிருந்து எடுத்த படங்களும் உதவின. மலையிலிருந்து வந்த குரலும் உதவியது. அந்தக் குரலின் வரலாறே இன்றைய என் பேச்சின் உட்பொருள்.

ஆஸ்திரேலியக் கடற்படை, முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது. கடலோரங்களிலும் தீவுகளிலும் வாழும் தோட்டக்காரர், அதிகாரிகள் முதலியோர் அயல் கப்பலையோ விமானத்தையோ கண்டால் உடனே செய்தி அனுப்ப வேண்டும். இவர்களைக் கரைக்காவலர் என்று நாம் சொல்லலாம். போரிடுவது இவர்கள் வேலை அன்று. பார்ப்பதும் சொல்வதுமே வேலை. இரண்டாம் போர் மூண்டபோது எரிக் ஃபெல்ட் என்ற கடற்படை அதிகாரி இவ்வமைப்பை விரிவாக்கி நடத்தினார். எல்லாரும் கப்பலேறிய காலத்தில் இவர்களுள் சிலர் போக மறுத்துக் காட்டிலேயே தங்கிவிட்டார்கள். குவாடல்கனாலில் மார்ட்டின் கிளெமன்ஸ் என்ற இளம் மாவட்ட அதிகாரி மலைமேல் ஏறி ஒளிந்துகொண்டார். பூகன்வில் தீவில் ரீட், மேசன் என்ற இருவர் இருந்தனர். (பூகன்வில் இன்று பாப்புவா நியூகினி நாட்டைச் சேர்ந்தது.)

இவர்களின் படைக்கலம் ஒரு வானொலிப் பெட்டி. இன்று நாம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் கருவியை எண்ணிவிடாதீர்கள். செய்தி அனுப்பும் கருவி ஒன்று, செய்தி வாங்கும் கருவி ஒன்று, அவற்றுக்கு வேண்டிய கனத்த மின்கலங்கள், மின்கலங்களுக்கு மின்னேற்றும் பெட்ரோல் எந்திரம், அதற்கு எண்ணெய். இவ்வளவையும் தூக்கிச் செல்லப் பன்னிரண்டு பேராவது வேண்டும். அவர்களோ பாதையற்ற காட்டில், மழையில், வழுக்கும் மலைச்சரிவில், பகைவரின் தேடும் படைகள் பின்தொடர நடந்தாகவேண்டும். அந்தப் பன்னிருவரும் யார்? அவர்களே தீவு மக்கள். சுமப்பதோடு அவர்கள் வேலை முடியவில்லை. எந்த ஓடையை எங்கே கடக்கலாம், எந்தக் குகையில் மறையலாம், எந்த ஊரில் கிழங்கு கிடைக்கும், எந்த ஊரார் வாய் திறக்கமாட்டார் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். வேவு பார்க்கச் சென்றவர்கள், ஜப்பானிய முகாமிலேயே கூலியாட்களாகச் சேர்ந்து, பீரங்கிகளை எண்ணிக் கணக்கெடுத்துக்கொண்டு இரவில் மலைக்குத் திரும்பினார்கள். பெட்டியில் பேசியவர் ஒருவர். அதில் பேசுவதற்கு வேண்டிய செய்தியைக் கொணர்ந்தவர் பலர்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. தீவு மக்கள் எல்லாரும் ஒரே மனத்தினராய் இருந்தார்கள் என்று சொல்வது தவறு. அச்சத்தால் ஜப்பானியருக்கு உதவியவரும் உண்டு. எவருக்கும் உதவாமல் மலைக்கு ஓடியவரும் உண்டு. தோட்டத்துக் கிழங்கைப் படைகள் பறித்தபோதும், ஊர்கள்மேல் குண்டுகள் விழுந்தபோதும், அவர்கள் கவலை தங்கள் குழந்தைகளைப் பற்றியதாகவே இருந்திருக்கும். அப்படி இருந்தும் கரைக்காவலரைக் காட்டிக்கொடுக்காமல் பலர் காத்தார்களே, அதுதான் வியப்பு.

1942 ஆகஸ்டு 7-ஆம் நாள், அமெரிக்கரின் முதலாம் மரீன் படைப்பிரிவு, தளபதி வாண்டகிரிஃப்டின் தலைமையில், குவாடல்கனாலிலும் துலாகியிலும் கரையிறங்கிற்று. குவாடல்கனாலில் இறங்கியவர் ஏறத்தாழ 11,000 பேர். மறுநாளே முடிவுறாதிருந்த விமானத் தளம் அவர்கள் கைக்கு வந்தது. ரபோலிலிருந்து ஜப்பானியக் குண்டு விமானங்கள் பழிவாங்கப் புறப்பட்டன. இடையே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தொலைவு. பறக்கும் வழியோ பூகன்வில்லின் மேலே. அங்கே காட்டில் மறைந்திருந்த மேசன் அவற்றை எண்ணிப் பார்த்துச் செய்தி அனுப்பினார். விமானங்கள் வந்து சேருமுன் அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கை பெற்றுவிட்டன. இப்படி ஒரு நாள் அன்று, அடுத்து வந்த திங்கள்கள் முழுவதும் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. கரைக்காவலர் குவாடல்கனாலைக் காத்தனர், குவாடல்கனால் பசிபிக்கைக் காத்தது என்ற கருத்தை அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஹால்சி பின்னர் கூறினார். கரைக்காவலரைக் காத்தவர் யார் என்று நாம் அதனோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தீவு மக்களுள் ஒருவரின் பெயரையேனும் நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். அவர் ஜேக்கப் வூஸா. உள்ளூர்க் காவற்படையில் இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். போர் வந்ததும் தாமாகவே கிளெமன்ஸிடம் வந்து வேவுப் பணியில் சேர்ந்தார். ஆகஸ்டு 20-ஆம் நாள் ஜப்பானியப் படையொன்றின் கையில் அகப்பட்டார். அவரிடம் ஒரு சிறிய அமெரிக்கக் கொடி இருந்தது. அவரை மரத்தில் கட்டி அமெரிக்கர் நிலைகளைப் பற்றிக் கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. துப்பாக்கி ஈட்டியால் பல இடங்களில் குத்தினார்கள். தொண்டையிலும் வெட்டு விழுந்தது. இறந்தார் என்று எண்ணி விட்டுப் போனார்கள். அவரோ கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு, குருதி ஒழுக, ஊர்ந்தும் நடந்தும் அமெரிக்கர் எல்லையை அடைந்தார். மருத்துவத்துக்கு உடன்படுமுன், பகைவர் எத்தனை பேர், எத்தகைய படைக்கலம் வைத்திருக்கின்றனர் என்பதைச் சொல்லி முடித்தார். அன்றிரவே, விடியுமுன், கர்னல் இச்சிகியின் படை பாய்ந்தது. ஏறத்தாழ 900 பேர் கொண்ட அப்படையில் 800 பேர் அளவில் மாண்டனர். வூஸா பிழைத்தார். அமெரிக்காவும் பிரிட்டனும் பதக்கங்கள் அளித்தன. 1979-இல் ‘சர்’ பட்டமும் கிடைத்தது. 1984-இல் அவர் காலமானார். ஹோனியாரா நகரில் அவர் சிலை நிற்கிறது.

நிலத்தில் இவ்வாறு நடக்க, நீரில் நடந்தது அதனினும் கொடிது. ஆகஸ்டு 8-ஆம் நாள் நள்ளிரவு கடந்ததும், சாவோ தீவின் அருகே ஜப்பானியக் கடற்படை திடீரெனத் தாக்கியது. ஆஸ்திரேலியாவின் ‘கான்பரா’வும், அமெரிக்காவின் ‘அஸ்டோரியா’, ‘குவின்சி’, ‘வின்சென்ஸ்’ ஆகியவையுமாக நான்கு பெருங்கப்பல்கள் அழிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். நவம்பர் இடையில் நடந்த கடற்போரில் இரு தரப்பிலும் மேலும் பல கப்பல்கள் மூழ்கின. குவாடல்கனால், சாவோ, ஃபுளோரிடா ஆகிய தீவுகளுக்கு நடுவேயுள்ள நீர்ப்பரப்பின் அடியில் அத்தனை கப்பல்கள் கிடக்கின்றன. அதற்கு ‘இரும்படிக் கடல்’ என்று பொருள்படும் பெயரை மாலுமிகள் வைத்தார்கள். இந்தப் பெயர் மட்டும் பொருத்தமான பெயர்.

கடல்வழி அடைபட்டதும் ஜப்பானியப் படைக்கு உணவு வரவில்லை. தீவில் இறங்கிய ஜப்பானியர் ஏறத்தாழ 36,000 பேர். அவர்களுள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் திரும்பவே இல்லை; குண்டால் இறந்தவரோடு பசியாலும் மலேரியாவாலும் இறந்தவர் பல்லாயிரவர். பட்டினித் தீவு என்றே ஜப்பானியர் அதனை அழைத்தனர். 1943 பிப்ரவரி முதல் வாரத்தில் எஞ்சிய பதினாயிரம் பேரளவில் இரவோடிரவாகக் கப்பலேற்றிச் செல்லப்பட்டனர். அமெரிக்கரும் அவர்தம் நட்பினருமாக நிலத்திலும் நீரிலும் வானிலும் இறந்தவர் 7,000 பேரளவினர். இரு தரப்பார்க்கும் கணக்கு இருக்கிறது. இடையில் மடிந்த தீவு மக்களுக்கோ அத்தகைய முழுக் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

போர் மேற்கே நகர்ந்தது. 1943 ஆகஸ்டு 2-ஆம் நாள் இருளில், ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று சிறிய அமெரிக்கப் படகு ஒன்றை மோதிப் பிளந்தது. பதின்மூவரில் இருவர் மாண்டனர். பதினொருவர் நீந்திச் சிறு தீவொன்றில் ஏறினர். அப்படகின் தலைவர் ஜான் கென்னடி. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவர். அவர்களைத் தேடிக் கண்டவர் பியூக்கு காஸா, எரோனி குமனா என்ற இரு தீவு இளைஞர். எழுதத் தாள் இல்லை. தேங்காய் ஒன்றின் மேல் கென்னடி செய்தியைச் செதுக்கினார். பகைவர் கையில் சிக்கினால் அந்தத் தேங்காயே இருவர்க்கும் மரண ஓலை. அதை வைத்துக்கொண்டு, மரத்தைக் குடைந்த தோணியில், பகைவர் நடமாடும் நீரில் துடுப்புப் போட்டுச் சென்று செய்தியைச் சேர்த்தார்கள். பதினொருவரும் பிழைத்தனர். கென்னடி அத்தேங்காயை வெள்ளை மாளிகையில் தம் மேசைமேல் வைத்திருந்தார். 1961-இல் அவருடைய பதவியேற்பு விழாவுக்கு இவ்விருவருக்கும் அழைப்பு வந்தும், அவர்கள் அங்கே போய்ச் சேர முடியவில்லை. கென்னடி முதலில் கரையேறிய தீவு இன்று கென்னடி தீவு எனப்படுகிறது. காப்பாற்றப்பட்டவர் பெயர் தீவுக்கு ஆயிற்று. காப்பாற்றியவர் பெயர் ஆகவில்லை.

போர் தீவு மக்களுக்கு இன்னொன்றையும் காட்டியது. சாலமன் தீவுகள் தொழிற்படை என்ற ஒன்றை அரசு அமைத்துக் கப்பல்களிலிருந்து சரக்கு இறக்க ஆயிரக்கணக்கான இளைஞரைச் சேர்த்தது. மாதச் சம்பளம் ஒரு பவுன். வேலைத் தலத்தில் அவர்கள் அமெரிக்கக் கறுப்பின வீரர்களைக் கண்டார்கள். அவ்வீரர்கள் தம் படையிலேயே பிரித்து வைக்கப்பட்டிருந்தவர்கள்தாம். ஆயினும் வெள்ளை வீரர் உடுத்த உடையையே உடுத்தனர்; அவர் உண்ட உணவையே உண்டனர்; பெரிய எந்திரங்களை ஓட்டினர். அமெரிக்க வீரர் பலர் தீவு மக்களுடன் ஒன்றாக அமர்ந்து உண்டனர். ஆடைகளும் பொருள்களும் கொடுத்தனர். அவற்றை ஆங்கில அதிகாரிகள் பறித்துக்கொண்டதும் உண்டு. கறுத்த மேனியன் தாழ்ந்தே இருக்கவேண்டும் என்பது உலக நியதி அன்று. தங்களை ஆண்டவர் வகுத்த வழக்கமே என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது.

1944 அளவில் மலைட்டாத் தீவில் ஓர் இயக்கம் எழுந்தது. அதற்கு மாசினா ரூரு என்று பெயர். ‘மாசினா’ என்றால் அங்குள்ள அரெ-அரெ மொழியில் உடன்பிறப்பு என்று பொருள். இது வெளியார் இட்ட பெயர் அன்று. தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர். அவ்வியக்கத்தை வளர்த்தவருள் பலர் தொழிற்படையில் உழைத்து மீண்டவர்கள். தங்கள் தலைவர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். கடலோரத்தில் பெரிய ஊர்களாகக் கூடி வாழ்ந்தார்கள். பொதுத் தோட்டம் போட்டார்கள். குறைந்த கூலிக்குத் தோட்ட வேலைக்குப் போக மறுத்தார்கள். 1947-இல் அரசு தலைவர்களைக் கைது செய்தது. வரி கொடாது மறுத்த ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். சிறை நிறைந்ததேயன்றி இயக்கம் பணியவில்லை. இறுதியில் அரசே இணங்கி வந்தது. 1953-இல் மலைட்டாவுக்கு ஆட்சி மன்றம் ஒன்று அமைந்தது. இருபத்தைந்து ஆண்டு கழித்து நாடே விடுதலை பெற்றது. பெட்டியைச் சுமந்த தோள்கள் நாட்டைச் சுமக்கவும் வல்லவை என்பது இவ்வாறு மெய்ப்பட்டது.

இன்று நீங்கள் அங்கே சென்றால் எவற்றைக் காண்பீர்கள்? ஹெண்டர்சன் தளம் இருந்த இடமே ஹோனியாராவின் பன்னாட்டு விமான நிலையம். தலைநகரமே போர்க்கால அமெரிக்க முகாமின் மேல் வளர்ந்த நகரம். துலாகி அழிந்ததால் போருக்குப் பின் தலைநகர் இங்கே மாறிற்று. நகருக்கு மேலுள்ள குன்றில் 1992-இல் திறக்கப்பட்ட அமெரிக்க நினைவிடம் நிற்கிறது. ஆஸ்டின் மலையில் ஜப்பானியரின் அமைதி நினைவிடம் நிற்கிறது. மேற்கே போனெகிக் கரையில், 1942 நவம்பரில் கரையேறி எரிந்த ஜப்பானியக் கப்பல்களின் எலும்புக் கூடுகளில் இன்று பவளம் வளர்கிறது, மீன் திரிகிறது. தீவின் வேவுகாரருக்கும் கரைக்காவலருக்கும் உரிய நினைவுச் சின்னம் ஹோனியாராவில் எழுந்தது எப்போது தெரியுமா? 2011-இல், போர் முடிந்து அறுபத்தாறு ஆண்டுகள் ஆன பிறகு.

ஆனால் மிகப் பெரிய போர்ச்சின்னம் கண்ணுக்குத் தெரியாதது. அது மண்ணுக்குள் இருக்கிறது. வெடிக்காமல் புதைந்த குண்டுகள் இன்றும் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் கிடைக்கின்றன. 2021 மே மாதத்தில் ஹோனியாராவில் நற்பணிக்குப் பணம் திரட்டச் சிலர் கூடிச் சமைத்தார்கள். அடுப்புக்கு அடியில், எவரும் அறியாமல், அமெரிக்கப் பீரங்கிக் குண்டு ஒன்று கிடந்தது. சூடேறி வெடித்தது. இருவர் உயிர் இழந்தனர். பகை முடிந்துவிட்டதென்று நாம் எண்ணுகிற போர், பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளை எண்பது ஆண்டு கழித்து வந்து கொல்கிறது. போர் தொடங்கியவர் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். அவர் விட்டுச் சென்றதோ மண்ணுக்கு உரியவர் காலடியில் கிடக்கிறது.

மாணவ நண்பர்களே, வரலாறு படிக்கும்போது தளபதிகளின் பெயரைப் படியுங்கள்; வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். ஒரு குரல் காற்றில் வருமானால், அந்தக் குரலுக்குரிய பெட்டியை மலைமேல் ஏற்றியவர் யார் என்று கேளுங்கள். போர் முடிந்ததும் அவர் வீட்டுக்கு எதைக் கொண்டு சென்றார் என்று கேளுங்கள். அவர் நிலத்தில் எவை புதைந்து கிடக்கின்றன என்றும் கேளுங்கள். நாட்டுப் படத்தில் அச்சிட்ட பெயர்களுக்கு அடியில் இன்னும் பல பெயர்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் படிப்பதே வரலாறு கற்பவரின் கடமை என்று நான் கருதுகிறேன்.